297 கிலோமீட்டருக்கு ஏன் ஒரு மணி நேரம்?

கே.எல்.ஐ.ஏ.வுக்கும் சாங்கிக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 297 கிலோமீட்டர். ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும் என்று வைத்து, பள்ளியில் படித்தபடி தூரத்தை வேகத்தால் வகுத்துப் பாருங்கள். 22 நிமிடம் வரும். உங்கள் டிக்கெட்டில் இருப்பதோ ஒரு மணி நேரத்துக்கும் மேல்.

விமான நிறுவனம் உங்களை ஏமாற்றவில்லை. அந்த 800 கிலோமீட்டர் வேகத்தில் நிலைத்துப் பறக்க இந்தப் பாதையில் இடமே இல்லை. ஒவ்வோர் ஆயிரம் அடி இறங்கவும் ஐந்தரை கிலோமீட்டர் வேண்டும் என்பது விமானிகளின் கைக்கணக்கு. 24,000 அடியிலிருந்து இறங்க அதுவே 130 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. ஏறுவதற்கும் நீண்ட தூரம் தேவை. 10,000 அடிக்குக் கீழே வேகம் பொதுவாக 460 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. தண்ணீர்ப் போத்தலைத் திறப்பதற்குள் இருக்கை வாரை மாட்டச் சொல்லிவிடுகிறார்கள்!

காற்றுக்கும் பங்கு உண்டு. விமானம் காற்றை எதிர்கொண்டுதான் தரையிறங்கும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சாங்கியில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி இறங்குவது வழக்கம். வடமேற்கிலிருந்து போகும் நம் விமானம் தெற்கே சென்று திரும்பி வர வேண்டும். தவிர, அட்டவணை நேரம் என்பது ஒரு வாயிலைவிட்டு நகர்வது முதல் மறு வாயிலில் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் காத்திருப்பதும் அதற்குள் அடக்கம்.

கோத்தா கினபாலுவுக்கு சுமார் 1,630 கிலோமீட்டர். தூரம் ஐந்தரை மடங்கு. நேரமோ இரண்டரை மடங்கைத் தாண்டுவதில்லை. குறுகிய பயணத்தில் நேரத்தை விழுங்குவது தூரமல்ல.

இதை நான் வலியுறுத்தக் காரணம், 'விமானத்தில் ஒரே மணி நேரம், அதிவேக ரயில் எதற்கு?' என்ற கேள்வி. 2016இல் ஒப்பந்தமாகி 2021 தொடக்கத்தில் முடிவுக்கு வந்த கோலாலம்பூர்-சிங்கப்பூர் ரயில் திட்டத்துக்கு அறிவிக்கப்பட்ட பயண நேரம் 90 நிமிடம். அறுபதைவிடத் தொண்ணூறு பெரிது, உண்மைதான். ஆனால் கே.எல். சென்ட்ரலிலிருந்து கே.எல்.ஐ.ஏ.வுக்கு விரைவு ரயிலிலேயே 28 நிமிடம். இரண்டு மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். இறங்கியதும் குடிநுழைவு, பெட்டிக்காகக் காத்திருப்பு, பிறகு நகருக்கு எம்.ஆர்.டி. கூட்டிப் பாருங்கள், நான்கு மணி நேரத்தைத் தாண்டும்.

ரயிலுக்கும் இதே கணக்கைப் போட வேண்டும். அதன் முனையமாகத் திட்டமிட்ட ஜூரோங் ஈஸ்ட் சிங்கப்பூரின் நகர மையமல்ல. குடிநுழைவுச் சோதனையும் உண்டு. 350 கிலோமீட்டர் தண்டவாளம் மலிவாகவும் வராது. செலவைக் காட்டி எதிர்ப்பவர்களோடு உட்கார்ந்து பேசலாம். 'ஒரு மணி நேரம்' என்று சொல்பவர்களிடம் மட்டும், வீட்டுக் கதவைப் பூட்டியது எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.