மாலை கட்டும் கைக்கு விலை என்ன?

சென்ற கிழமை இப்பகுதியில் வீட்டுத்தோட்டத்து மலர்ச்செடிகளைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த சகோதரிகள் சிலர், “பூச்செடி வளர்ப்பதோடு நின்றுவிடாமல், பூவைக் கொண்டு வீட்டிலிருந்தபடியே நாலு காசு தேடும் வழியையும் சொல்லக்கூடாதா?” என்று கேட்டிருக்கின்றனர். நியாயமான கேள்வியே. வழி இருக்கிறது, ஆனால் அவ்வழியில் ஒரு குழியும் இருக்கிறது. குழியை முதலிற் காட்டிவிட்டுப் பின்னர் வழியைச் சொல்வதே முறையெனக் கருதுகிறோம்.

யாழ்ப்பாணத்தில் நாம் நன்கறிந்த ஒரு சகோதரி இருக்கிறார். சிறு பிராயம் முதல் கோயிலுக்கு மாலை கட்டிப் பழகிய கை அவருடையது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே கணவரின் தொழில் நொடிந்து போயிற்று. பிள்ளைகள் இருவர் படித்துக்கொண்டிருந்தனர். அச்சகோதரி தமது காப்புகள் இரண்டை அடைவு வைத்து, வாளி, கத்தரிக்கோல், பூச்சாடி முதலியவற்றை வாங்கி, கலியாண வீடுகளுக்கு மலரலங்காரம் செய்யத் தொடங்கினார். முதல் வேலை உறவுக்குள்ளேயே வந்தது. பெரியம்மா முறையான ஒருவர், “பிள்ளை, எங்கடை வீட்டுக் கலியாணந்தானே, பார்த்துச் செய்” என்றார். இவரும் வாய்க்கு வந்த ஒரு தொகையைச் சொன்னார். அது 60,000 ரூபா.

கலியாணம் சிறப்பாக நிறைவேறியது. மணவறையைக் கண்டவர்கள் கண்ணெடுக்காமற் பார்த்தார்கள். மாலைகளைப் புகழாதவர் இல்லை. மூன்றாம் நாள், பிள்ளையின் படிப்புச் செலவுக்காகப் பணத்தை எடுக்கச் சென்றபோது கையில் எஞ்சியிருந்தது 3,500 ரூபா மாத்திரமே. மீதி எங்கே போயிற்று என்பது அவருக்கு விளங்கவில்லை. செலவெழுதிய கொப்பியோடு நம்மிடம் வந்தார். இருவருமாக இருந்து கணக்குப் பார்த்தோம்.

மலருக்கும் இலைகுழைக்கும் 31,000 ரூபா. கம்பி, நூல், நாடா முதலிய சில்லறைச் சாமான்களுக்கு 4,500 ரூபா. பூவை ஏற்றிவரவும், மண்டபத்திற்குக் கொண்டுசெல்லவும், முடிந்தபின் கழற்றி வரவும் வான் கூலி 9,000 ரூபா. உதவிக்கு வந்த பெண்கள் இருவருக்கு, நாளொன்றுக்கு 3,000 ரூபா வீதம் இரண்டு நாட்களுக்கு 12,000 ரூபா. ஆகச் செலவு 56,500 ரூபா. எஞ்சியது 3,500 ரூபா. பணம் களவு போகவில்லை. கணக்கு மாத்திரந்தான் போடப்படவில்லை.

“நீங்கள் எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள்?” என்று வினவினோம். சந்தைக்குப் போனது, தண்டு சீவியது, இரவிரவாக மாலை கட்டியது, மண்டபத்தில் நின்றது எல்லாம் சேர 38 மணி நேரம் என்றார். 3,500 ரூபாவை 38ஆற் பிரித்தால் மணிக்கு ஏறக்குறைய 92 ரூபா. உதவிக்கு வந்த பெண்ணுக்கோ எட்டு மணி நேர நாளுக்கு 3,000 ரூபா. அஃதாவது மணிக்கு 375 ரூபா. பொறுப்பு முழுவதையும் தலையிற் சுமந்தவருக்குக் கிடைத்தது, நூலெடுத்துக் கொடுத்தவருக்குக் கிடைத்ததில் நாலிலொரு பங்கு! இதைக் கண்டதும் அச்சகோதரியின் கண்கள் கலங்கிவிட்டன.

இதுவே நாம் சொன்ன குழி. பூவுக்கு விலை உண்டென்பதை எல்லோரும் அறிவர். பூவைத் தொடுக்கும் கைக்கும் விலை உண்டென்பதை அக்கைக்குரியவரே மறந்துவிடுகிறார். வீட்டு வேலைக்குக் கூலி கேட்டறியாத நம் பெண்கள், வீட்டிலிருந்து செய்யும் தொழிலுக்கும் கூலி கேட்கக் கூசுகின்றனர். “ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்றனர் முன்னோர். உறவினருக்குச் செய்தாலும் அளந்தே செய்தல் வேண்டும்.

அவ்வாறாயின் விலையை எங்ஙனம் வகுப்பது? அதே வேலையை மீண்டும் எடுத்துக்கொள்வோம். முதலில் கைச்செலவு 56,500 ரூபாவை எழுதுக. அடுத்துத் தமது கூலியை எழுதுக. உதவியாளுக்கு மணிக்கு 375 ரூபாவென்றால், தொழில் தெரிந்தவருக்கு 400 ரூபாவேனும் வேண்டும். 38 மணி நேரத்திற்கு 15,200 ரூபா. இரண்டுஞ் சேர 71,700 ரூபா. கத்தரி தேய்கிறது, சாடி உடைகிறது, தொலைபேசிக்கும் மின்சாரத்திற்கும் கட்டணம் வருகிறது. இவற்றுக்காக நூற்றுக்குப் பத்து வீதம் 7,170 ரூபாவைச் சேர்த்தால் 78,870 ரூபா. இதன்மேல் நூற்றுக்குப் பதினைந்து வீதம் இலாபம் வைத்தால் ஏறக்குறைய 90,700 ரூபா வருகிறது. கூலி வேறு, இலாபம் வேறு என்பதைச் சகோதரிகள் மனத்திற் கொள்ளல் வேண்டும். கூலி இன்றைய அடுப்புக்கு. இலாபம் நாளைய முதலுக்கு. இத்தொகைகள் உங்கள் ஊரிலே வேறாயிருக்கலாம். கணக்கின் முறை மாறாது.

மலர் வாங்கிய விலையை மூன்று மடங்காக்கி விற்கும் வழக்கம் மேல்நாட்டுப் பூக்கடைக்காரர் பலரிடம் உண்டு. அது சுலபமான வழியாகத் தோன்றும். ஆனால் நமது வேலைக்கு எப்போதும் பொருந்தாது. கனமான மல்லிகை மாலையொன்றுக்கு மலர் 1,200 ரூபாவென்றும், கட்ட 7 மணி நேரம் செல்லுமென்றும் வைத்துக்கொள்வோம். மும்மடங்கு விலை 3,600 ரூபா. மலரும் கூலியும் மாத்திரமே 4,000 ரூபா ஆகிவிடுமே! மறுபுறம், 6,000 ரூபாவுக்கு உயர்ந்த மலர் வாங்கி அரை மணி நேரத்திற் சாடியில் அடுக்கிவிட்டு 18,000 ரூபா கேட்டால், வந்தவர் திரும்பிப் பாராமற் போய்விடுவார். ஆகையால் மடங்கை நம்பாது மணியை எண்ணுங்கள். ஒவ்வொரு மாலைக்கும் எவ்வளவு நேரம் செல்கிறதென்று கடிகாரத்தைப் பார்த்து எழுதிவையுங்கள். அக்கொப்பியே உங்கள் தொழிலின் மூலதனம்.

இனி மலரைப் பற்றிச் சிறிது சொல்வோம். வாங்கிய பூ வாடிப்போனால் எந்தக் கணக்கும் பலிக்காது. நுவரெலியா, பண்டாரவளை, வெலிமடைப் பகுதிகளிலிருந்து வரும் ரோசா, கார்னேசன், ஜெர்பரா முதலியன குளிர்ந்த காலநிலையில் வளர்ந்தவை. வந்து சேர்ந்ததும் தண்டின் நுனியைச் சரிவாகச் சீவி, நீரில் அமிழும் இலைகளை அகற்றி, நன்கு கழுவிய வாளியில் சுத்தமான நீரில் நிழலிலே வைத்திடுக. அழுக்கு வாளியில் கிருமி பெருகித் தண்டின் நீர்வழியை அடைத்துவிடும். ரோசாவுக்குக் குளிர்சாதனப் பெட்டி நல்லது. ஓர்க்கிட், அந்தூரியம் ஆகியன வெப்ப நாட்டு மலர்கள். அவற்றை அதனுள் வைத்தால் கறுத்துப்போகும். மல்லிகையை மொட்டாகவே காலையில் வாங்கி ஈரத்துணியிற் பொதிந்து வைத்தால், மாலையில் மலர்ந்து மணம் பரப்பும்.

கலியாண வீட்டுக்கென்றே உரிய அபாயம் ஒன்றையும் கூறவேண்டும். பழுக்கும் வாழைக்குலையிலிருந்து எத்திலீன் என்னும் வாயு வெளிப்படுகிறது. கார்னேசனும் ஓர்க்கிட்டும் அதன் அருகே இருந்தால் ஓரிரவில் வாடிச் சுருங்கக்கூடும். பூவாளியையும் பழக்குலையையும் ஒரே அறையில் வையாதீர்கள்.

தண்டுகளைக் குத்தி நிறுத்தப் பயன்படும் பச்சை நிறப் பஞ்சுக்கட்டி 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அறிமுகமாயிற்று. வேலைக்கு வசதியானதுதான், ஆயினும் அது மண்ணில் உக்காத பொருள். புகழ்பெற்ற செல்சி மலர்க் கண்காட்சியில் 2021ஆம் ஆண்டு முதல் அதற்கு இடமில்லை. நமக்கோ வாழைக்குற்றி இருக்கிறது. நீரை உள்ளே வைத்துக்கொண்டு தண்டையும் தாங்கி நிற்கும். கடைசியில் மண்ணுக்கே எருவாகும். சாடிகளுக்குக் கோழிக்கூட்டுக் கம்பிவலையைச் சுருட்டி வைக்கலாம். கழுவிக் கழுவி மீண்டும் பாவிக்கலாம். செலவும் சுருங்கும்.

“நமக்கு வயது போய்விட்டதே, இனித் தொடங்கி என்ன ஆகும்?” என்று எண்ணுவோரும் உளர். இங்கிலாந்தின் கொன்ஸ்டன்ஸ் ஸ்பிறை அம்மையார் பள்ளிக்கூடப் பணியில் இருந்தவர். நாற்பது வயதைக் கடந்த பின்னரே, 1929ஆம் ஆண்டில், லண்டனிற் பூக்கடை திறந்தார். விலையுயர்ந்த மலரை மாத்திரம் நம்பாது, காய்கறித் தோட்டத்து இலைகளையும் வேலியோரத்துக் கொடிகளையும் சாடியில் வைத்து அழகு செய்தார். 1953ஆம் ஆண்டு இரண்டாம் எலிசபெத் மகாராணியாரின் முடிசூட்டு விழாவிலும் மலரலங்காரப் பணி அவரிடம் வந்தது. நம் வளவுகளில் குருத்தோலையும் மாவிலையும் பன்னமும் குரோட்டன் இலையும் இல்லையா? பார்க்கும் கண் வேண்டும், அவ்வளவே.

தொழிலைத் தொடங்குமுன் மாதிரிக்காக இரண்டு மூன்று வேலைகளைச் சிறிதாகச் செய்து பழகுக. பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா போன்ற சிறு வைபவங்கள் அதற்கு உகந்தவை. தொழிலுக்குத் தனிப் பெயர் வைப்பதாயின், கிராம உத்தியோகத்தரைக் கண்டு விபரம் கேட்டு, பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்துகொள்க. வீட்டுப் பணத்தையும் தொழிற் பணத்தையும் வெவ்வேறு கணக்கில் வைத்திடுக. ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் நடப்பதில்லை என்பதை நினைவிற்கொண்டு, நல்ல மாதத்து வருவாயில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்தலும் அவசியம்.

வேலையை ஏற்கும்போது எல்லாவற்றையும் எழுத்தில் வைத்திடுக. என்ன பூ, எத்தனை மாலை, எத்தனை மணிக்கு மண்டபத்தில் ஒப்படைப்பது, யார் கழற்றுவது என்பன தெளிவாயிருக்க வேண்டும். குறித்த மலர் அன்று கிடையாவிடின் அதே நிறத்தில் வேறு மலர் வைக்கப்படும் என்பதையும் சேர்த்துக்கொள்க. அரைப்பங்கை முற்பணமாகப் பெறுங்கள். மலரை நீங்கள் கைக்காசு கொடுத்தல்லவா வாங்கவேண்டும்? சொன்ன விலை எந்தத் திகதி வரை செல்லும் என்பதையும் எழுதுங்கள். 2022ஆம் ஆண்டில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், சில வாரங்களுக்குள் 360 ரூபாவைத் தாண்டியதை நாம் மறப்பதெப்படி? விலைகள் ஏறியபோது, முன்கூட்டியே சொன்ன வாக்கிற் கட்டுண்டு நட்டப்பட்டவர் பலர்.

உறவினர் வந்தால் என்ன செய்வது? இக்கேள்விதான் எல்லாவற்றிலும் கடினமானது. விலையைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். “பெரியம்மா, வாசல் வளைவுக்கு ரோசா வேண்டாம். குருத்தோலையும் வாழையும் கட்டுவம், அழகாயும் இருக்கும், செலவும் குறையும்” என்று சொல்லிப் பாருங்கள். அன்பைக் காட்ட விரும்பினால் ஒரு பொருளை முழுமையாகக் கொடுத்துவிடுங்கள். மணப்பெண்ணின் கொண்டைமாலை அதற்கு ஏற்றது. பட்டியலிலே அதன் எதிரே விலையை எழுதி, பக்கத்தில் “அன்பளிப்பு” என்று குறியுங்கள். கொடுத்ததன் பெறுமதி பெறுபவருக்கும் தெரியும். கொடுத்த உங்களுக்கும் தெரியும். அரைகுறையாக எல்லாவற்றிலும் விட்டுக்கொடுத்தால், கொடுத்ததாகவும் இராது, விற்றதாகவும் இராது.

நாம் முன்சொன்ன சகோதரி அடுத்த வேலைக்கு எழுதிய பட்டியலோடு சென்றார். முதலாவது வீட்டார் தொகையைக் கண்டு விலகிவிட்டனர். அன்றிரவு அவருக்கு நித்திரை இல்லை. நாம் கொடுத்த யோசனை தவறோவென்று நமக்கும் கவலையாயிருந்தது. இரண்டு கிழமை கழித்து வந்த வேறொரு வீட்டார், பட்டியலை வரிவரியாகப் பார்த்து, இரண்டு உருப்படிகளைக் குறைத்துவிட்டு, முற்பணத்தை மேசையில் வைத்தனர். மணப்பெண்ணின் தாயார் போகும்போது, “விபரமாக எழுதியிருக்கிறீர்கள், தங்கச்சி. எதற்கு எவ்வளவென்று இப்பதான் எனக்கும் விளங்குது” என்றாராம்.

இப்பொழுது காப்புகளில் ஒன்று அடைவிலிருந்து மீண்டுவிட்டது. மற்றது இன்னும் வங்கியில் இருக்கிறது. வருகிற ஆவணிக்குள் அதையும் மீட்டுவிடலாம் என்று நம்புகிறார். வாயால் மாத்திரம் சொல்லவில்லை, கொப்பியிற் கணக்கெழுதிக் காட்டினார். பார்த்தோம், கணக்குச் சரியாகவே இருந்தது.