சாவியை வாங்குங்கள், ஆளை விடாதீர்கள்

சென்னை லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகள் மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை பிற்பகலில் ஐ.ஐ.டி. வளாகத்தில், கஜேந்திரா சர்க்கிள் அருகே ஒரு வகுப்பறையில் கூடிவந்தது. லினக்ஸை நிறுவத் தெரியாமல் வந்தவர்கள், கொஞ்ச நாளிலேயே அடுத்து வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சிலர் நிரல் எழுதினார்கள். சிலர் மென்பொருள்களைத் தமிழாக்கினார்கள். அன்றைய பெயர்களை இன்று தேடினால் பாதிப் பேர் எங்கே என்றே தெரிவதில்லை.

அவர்கள் கோபித்துக்கொண்டு போனவர்கள் இல்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை கிடைத்திருக்கும். வேலையில் சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், நீ எழுதும் நிரல் அனைத்தும் நிறுவனத்துக்கே சொந்தம் என்கிற தொனியில் ஒரு பிரிவு இருக்கும். அதன் எல்லை எதுவரை என்று யாரிடம் கேட்பது? வம்பு வேண்டாமென்று ஒதுங்கிவிடுவார்கள். பிறகு கல்யாணம், குழந்தை, பெற்றோரின் உடல்நிலை. பெண்களுக்குச் சனிக்கிழமைப் பிற்பகல் இன்னும் சீக்கிரமே பறிபோய்விடும். யாரும் விடைபெற்றுப் போவதில்லை. ஒரு கூட்டத்துக்கு வர முடியாமல் போகும், அப்புறம் அதுவே வழக்கமாகிவிடும்.

விலகியவர்களுடன் தொடர்பு வைத்திருப்பதை நம் குழுக்கள் மரியாதைக்குரிய விஷயமாக மட்டும் பார்க்கின்றன. மென்பொருள் ஒழுங்காக ஓடுவதற்கே அந்தத் தொடர்பு தேவை என்கிறேன் நான்.

'ஸ்ரீ' என்ற எழுத்தையே பாருங்கள். யூனிகோடில் 2005 வரை 'ஶ' கிடையாது. அதனால் ஸகரத்தையும் 'ரீ'யையும் சேர்த்துத்தான் அதை உருவாக்கினார்கள். அந்த ஆண்டு வந்த 4.1ஆம் பதிப்பில் 'ஶ' சேர்ந்த பிறகு, அதைக் கொண்டும் எழுத முடிந்தது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்; கணினிக்கோ அவை வெவ்வேறு. ஒரு வகையில் தட்டச்சிட்டு ஸ்ரீரங்கத்தைத் தேடினால், மறுவகையில் எழுதிய பக்கங்கள் அகப்படாமல் போகலாம். இதை உணர்ந்த யாரோ ஒருவர் தேடல் நிரலில் இரண்டு வரி சேர்த்திருப்பார். கூடவே 'சரிசெய்தேன்' என்று ஒற்றைச் சொல்லில் குறிப்பு. பத்தாண்டு கழித்து வரும் இளைஞருக்கு அந்த வரிகள் வீண் சுமையாகத் தோன்றும், நீக்கிவிடுவார். பழைய மின்நூல்கள் தேடலில் காணாமல் போகும். எழுதியவரைக் கேட்கலாமென்றால், பதிவில் இருப்பது அவருடைய பழைய கல்லூரி மின்னஞ்சல். அதற்கு எழுதும் மடல் போன வேகத்தில் திரும்பி வரும்.

தமிழ்க் கணிமையில் இந்த ஆபத்து அதிகம். யூனிகோடு பரவலாவதற்கு முன்பே டிஸ்கி என்ற குறியாக்கம் இருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி டாம், டாப் குறியாக்கங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் வந்தன. எந்த வாதத்தில் எது தோற்றது, எந்த எழுத்துரு எங்கே தகராறு செய்தது என்பதில் பெரும்பகுதி எந்த ஆவணத்திலும் இல்லை. அது அன்று உழைத்தவர்களின் நினைவில் இருக்கிறது. அவர்களில் சிலர் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும், சிலர் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கக்கூடும். வயது ஏறிக்கொண்டிருக்கிறது.

உலகளவில் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. லினக்ஸ் கருநிரலில் பராமரிப்பாளர் பட்டியல் தனி. முன்பு உழைத்தவர்களைக் குறிக்கும் 'கிரெடிட்ஸ்' கோப்பு தனி. ஈட்டிய தகுதி காலாவதி ஆவதில்லை என்பது அப்பாச்சி அறக்கட்டளையின் கொள்கை. டெபியன் இன்னும் நுட்பமாகச் செய்கிறது. நெடுநாள் சத்தமில்லாமல் இருப்பவர்களுக்கு எழுதி விசாரிக்க அங்கே ஒரு குழுவே இருக்கிறது. விலக விரும்புகிறவர் முறைப்படி ஓய்வு பெறலாம். பொதிகளை ஏற்றும் உரிமை போய்விடும், மனம் மாறினால் திரும்பி வரவும் வழி உண்டு.

இதில் உரிமையைத் திரும்பப் பெறுவது முக்கியம். பயன்படுத்தாத கணக்கும் கடவுச்சொல்லும் திருடர்களுக்குத் திறந்த கதவு. ஆனால் நம்மூர்க் குழுக்களில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது: கணக்கு அப்படியே கிடக்கும், ஆளை மறந்துவிடுவோம். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் நடந்து, 2024 மார்ச்சில் வெளிப்பட்ட சதியை நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய தனியாளாக அந்த நிரலைச் சுமந்தவர் தன் மனநலச் சிக்கலை வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். அவரை நெருக்கிய குரல்களுக்கு நடுவே, உதவ வந்தவர்போல் ஒருவர் நம்பிக்கையைப் பெற்றுப் பின்கதவு வைத்தார். உள்நுழைய அரை நொடி கூடுதலாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளரால் அது பிடிபட்டது. அந்தப் பராமரிப்பாளருக்குத் தோள்கொடுக்க, புதியவரின் நிரலைப் படித்துப் பார்க்க, நாலு பழைய ஆட்கள் பக்கத்தில் இருந்திருந்தால்? சதி நடந்தே இருக்காது என்று சொல்ல மாட்டேன். இவ்வளவு சுலபமாக நடந்திருக்காது.

மறைந்தவர்களைப் போற்ற நமக்குத் தெரிகிறது. ஊட்டியில் இருந்துகொண்டே பைத்தானுக்கும் லினக்ஸுக்கும் ஓயாமல் உழைத்த கென்னத் கோன்சால்வஸ் 2012இல் காலமானார். இந்தியாவின் பைத்தான் சங்கம் அவர் பெயரில் விருது வழங்குகிறது, நல்ல காரியம். உயிரோடு இருந்து, ஆதம்பாக்கத்திலோ அடையாறிலோ குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் பழைய பங்களிப்பாளருக்கு நாம் ஒரு மடல்கூட எழுதுவதில்லை.

எழுதுவதிலும் விதம் இருக்கிறது. "மறுபடி வாருங்கள்" என்ற பொது அழைப்பு குற்றவுணர்ச்சியைத்தான் கொடுக்கும். "இந்த இரண்டு வரி எதற்கு?" என்று கேட்டால் அன்றிரவே பதில் வரும், பத்து நிமிட வேலை, யாருக்கும் பாரமில்லை. புதிதாகச் சேருகிறவர்களிடம் மாறாத சொந்த மின்னஞ்சலைக் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு குழுவுக்குள் வைத்துக்கொள்ளலாம். கைபேசிக் காணொளி வழியாக ஒரு மணி நேரப் பழைய கதை கேட்டுப் பதிவு செய்யலாம். ஆண்டுக்கொரு கூட்டத்தையாவது குழந்தைகளோடு வரக்கூடிய இடத்தில், ஞாயிறு காலையில் வைக்கலாம். நிறுவனங்களும் தங்கள் ஊழியர் எந்தத் திறமூலத் திட்டங்களில் பங்கேற்கலாம் என்று எழுத்தில் சொல்லிவிட்டால், பாதித் தயக்கம் தீர்ந்துவிடும்.

இதற்கெல்லாம் நிதியோ அலுவலகமோ வேண்டியதில்லை. யாருக்கு முதலில் எழுதுவது என்ற பட்டியலும் கையிலேயே இருக்கிறது: நிரல் கிடங்கில் 'கிட் ஷார்ட்லாக்' என்ற கட்டளையைக் கொடுத்தால், அத்தனை பெயர்களும் வரிசையாக வந்து நிற்கும்.