மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேனுக்குப் பயப்படுகிறவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறேன். வகுப்பில் என் கோபத்தைப் பார்த்தவர்களுக்கு அது புதிதில்லை.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. எம்ஆர்ஐ எடுக்கும்போது போடுகிற ஊசி கிட்னியைத் தின்றுவிடுமாம், காசு பிடுங்கத்தான் அதைப் போடுகிறார்களாம். பதினோரு பேர் கைகூப்பி, கட்டைவிரல் காட்டியிருந்தீர்கள். அதே குழுவில் இருக்கும் என் சின்ன மைத்துனருக்கு டாக்டர் அந்த ஸ்கேனைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். மறுநாள் அவர் போன் செய்து, "அத்தான், பொங்கல் கழிச்சுப் பாத்துக்கலாமா?" என்றார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

பொங்கல் கழித்து என்ற வார்த்தையை இந்த வீட்டில் முதலில் சொன்னவன் நான்தான். ஆறு வருடத்துக்கு முன்பு அவருடைய அண்ணனுக்கு அல்ட்ராசவுண்டில் ஈரலில் இரண்டு சென்டிமீட்டருக்குள் ஒரு புள்ளி தெரிந்தது. மருந்து ஏற்றி எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார்கள். "என்ன அவசரம், கீழாநெல்லி சாப்பிட்டுப் பார்க்கலாம்" என்றேன். பத்து மாதம் போனது. அப்புறம் எடுத்தபோது கட்டி ரத்தக் குழாய்க்குள் இறங்கியிருந்தது. அவருக்கு வயது 52. வாழ்நாளில் குடித்ததில்லை. ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பில் இருந்தது, அவ்வளவுதான்.

நான் டாக்டர் இல்லை, ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவன். ஆனால் தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கரும்பலகையில் போட்டுக் காட்டத் தெரியும்.

ஈரலுக்கு ரத்தம் இரண்டு வழியாக வருகிறது. முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் பெரிய சிரை வழியாக. கால் பங்கு தமனி வழியாக. நல்ல ஈரல் இரண்டிலும் வாழும். புற்றுக்கட்டி பெரும்பாலும் தமனியை நம்பியே வளரும். இப்போது கையில் அந்த ஊசியைப் போடுகிறார்கள். அரை நிமிடத்தில் மருந்து தமனி வழியாக ஈரலுக்கு வரும்போது கட்டி முதலில் பளிச்சென்று தெரியும். அடுத்து சிரை வழியாக வந்து ஈரல் முழுதும் வெளுக்கும்போது, கட்டியிலிருந்து மருந்து வடிந்து அது கறுத்துப்போயிருக்கும். முதல் மணிக்கு முந்தி வந்து, இரண்டாம் மணிக்குள் நழுவிவிடும் பையனைப் போல. இரண்டு முறை வருகைப் பதிவு எடுத்தால்தானே அவன் அகப்படுவான்? ஊசி இல்லாமல் இந்தப் பதிவை எடுக்க முடியாது.

இன்னொரு வகை மருந்து உண்டு. அதை நல்ல ஈரல் செல்கள் உள்ளே இழுத்துக்கொள்ளும். இருபது நிமிடம் கழித்து எடுத்தால் ஈரல் வெளுப்பாகவும், கட்டி பெரும்பாலும் கறுப்பாகவும் நிற்கும். சிறிய கட்டிகளைப் பிடிக்க இது உதவும். ஈரல் சுருக்கம் உள்ளவருக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டியில் இந்த அடையாளங்கள் தெளிவாக இருந்தால், சதை எடுத்துப் பரிசோதிக்காமலே புற்று என்று உறுதி செய்கிறார்கள்.

"அல்ட்ராசவுண்டும் ரத்தப் பரிசோதனையும் போதாதா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. தென்கொரியாவின் சியோலில் ஈரல் சுருக்கம் உள்ள 407 பேருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு ஸ்கேனும் எடுத்துப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது. புற்று வந்தவர்கள் 43 பேர். மருந்து ஏற்றிய எம்ஆர்ஐ கண்டுபிடித்தது 37. அல்ட்ராசவுண்ட் கண்டுபிடித்தது 12. கழித்துப் பாருங்கள்.

அதற்காக எல்லாரும் எம்ஆர்ஐக்கு ஓடாதீர்கள். திடமாக இருப்பவர்கள் பிறந்தநாள் சலுகை என்று முழு உடம்பு ஸ்கேன் எடுப்பதும் வீண்தான். ஆபத்துள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும் ஏஎஃப்பி ரத்தப் பரிசோதனையும்தான் முதல் படி. அதில் சந்தேகம் வந்து டாக்டர் அடுத்த படியைச் சொன்னால், அங்கேயே உட்காரக் கூடாது என்பதுதான் என் பேச்சு.

இனி கிட்னி. அந்தச் செய்தியில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது பரவுகிறது. கிட்னி ஏற்கெனவே மோசமாகப் பழுதானவர்களுக்குப் பழைய வகை மருந்துகளால் தோல் இறுகும் நோய் வந்தது. அதனால்தான் இப்போது முதலில் கிரியேட்டினின் பார்க்கிறார்கள், மருந்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த மருந்தில் மிகச் சிறிது உடம்பில் தங்குவதும் உண்மை. கிட்னி நன்றாக இருப்பவர்களுக்கு அதனால் கெடுதல் என்று நிரூபணம் இல்லை. ஒவ்வாமை அபூர்வம், ஆனாலும் முன்பே சொல்லிவிடுங்கள். பேஸ்மேக்கர், கர்ப்பம் இருந்தாலும் சொல்லுங்கள். கேள்வி கேட்பது வேறு, கைகூப்பி ஃபார்வர்ட் செய்வது வேறு.

செலவு அதிகம் என்பது உண்மைதான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரியுங்கள், காப்பீட்டு அட்டையை எடுத்துப் போய்க் கேளுங்கள். சீக்கிரம் தெரிந்தால் அறுவை செய்யலாம், ஊசி செலுத்திச் சூட்டால் கருக்கலாம், ஈரல் மாற்றலாம். மாற்று ஈரலுக்கு 1996இல் மிலன் நகர மருத்துவர்கள் சொன்ன அளவு இன்றும் பேசப்படுகிறது: ஒரே கட்டி என்றால் 5 சென்டிமீட்டர் வரை, மூன்று வரை இருந்தால் ஒவ்வொன்றும் 3க்குள். எங்கள் பத்து மாதம் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது.

வீட்டுப்பாடம் இரண்டு. ஹெபடைடிஸ் பி அல்லது சி, ஈரல் சுருக்கம், குடி, சர்க்கரையோடு கொழுப்பு ஈரல் இருப்பவர்கள், உங்களுக்கு ஆறு மாத ஸ்கேன் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில் ஒருவருக்கு பி கிருமி இருந்தால் கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ரத்தம் பாருங்கள். இல்லையென்றால் தடுப்பூசி போடுங்கள். ஒரே தட்டில் சாப்பிடுவதால் அது ஒட்டாது, யாரையும் ஒதுக்காதீர்கள். 2018இலிருந்து மத்திய அரசுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்.

வியாழக்கிழமை காலை சின்ன மைத்துனரை நான் அழைத்துப் போகிறேன். அவர் வெறும் வயிற்றோடு வரவேண்டும், அதனால் நானும் காபி குடிக்கப் போவதில்லை. அந்தப் பதினோரு பேரும் அதற்குள் அந்தச் செய்தியை அழித்துவிட்டு, அவருக்கு ஒரு போன் செய்யுங்கள்.

உங்கள் பழைய வாத்தியார்