"எல்லாத்துலயும் ஓடும், எக்ஸ்ஃபேட் போடு" - இந்த அறிவுரை எனக்கு உடன்பாடில்லை

1/ போன வாரம் ஒரு பிஜி மாணவி கண் கலங்கி வந்தாங்க. ரெண்டு வருஷ தீசிஸ் டேட்டா, எக்கோ வீடியோ எல்லாம் ஒரே எக்ஸ்டர்னல் டிஸ்க்கில். காப்பி ஆகும்போதே வயரை உருவிட்டாங்க. திரும்பச் சொருகினா, "ஃபார்மட் பண்ணட்டுமா?"னு கேட்குது.

2/ இந்தக் கேள்விக்கு 'சரி'ன்னு அழுத்தாதீங்க. டேட்டா பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும். கெட்டது, எது எங்கே இருக்குன்னு சொல்ற அட்டவணை. அதில் புதுசா எதையும் எழுதாம ரெக்கவரி தெரிஞ்சவர்கிட்ட கொடுங்க.

3/ அந்த அட்டவணையைப் பராமரிக்கும் முறைதான் ஃபைல் சிஸ்டம். பழைய ஃபேட்32-ல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. டிஸ்க் காலியா இருந்தாலும் பெரிய சர்ஜரி வீடியோ ஏறாது. அதை விட்டுடலாம்.

4/ 2006-ல் வந்த எக்ஸ்ஃபேட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. விண்டோஸ், மேக் ரெண்டும் படிக்கும், எழுதும். ஆனா அதில் ஜர்னல் கிடையாது.

5/ ஜர்னல்னா? வார்டில் என்ன செய்யப் போறோம்னு முதல்ல கேஸ் ஷீட்டில் எழுதுறோம். நடுவுல டியூட்டி மாறினாலும், அடுத்தவர் அதைப் பார்த்து விட்ட இடத்தைப் பிடிச்சுக்குவார். 1993-லிருந்து இருக்கும் என்டிஎஃப்எஸ் அப்படித்தான். கரண்ட் போனாலும் அட்டவணையைச் சீராக்கிக்கும். பாதி எழுதின ஃபைலை மட்டும் அதனாலும் காப்பாத்த முடியாது.

6/ என் கருத்து:
- விண்டோஸ் மட்டும்னா என்டிஎஃப்எஸ். (மேக் இதைப் படிக்கும், தானா எழுதாது.)
- புது மேக் மட்டும்னா ஏபிஎஃப்எஸ்.
- ரெண்டுக்கும் நடுவுல அலையுற டிஸ்க்குக்கு மட்டும் எக்ஸ்ஃபேட். அது தூக்கிட்டுப் போற பை, பீரோ இல்லை. ஒரே பிரதியை அதில் வைக்காதீங்க.

7/ ஃபார்மட் மாத்தினா உள்ளே இருக்கிறது போயிடும். அதனால டிஸ்க் வாங்கின அன்னைக்கே முடிவு பண்ணுங்க. எதுவானாலும் 'எஜெக்ட்' கொடுத்துட்டுக் கழட்டுங்க.

8/ எந்த ஃபார்மட்டும் பேக்கப்புக்கு ஈடாகாது. இன்னொரு டிஸ்க், இன்னொரு இடம். பேஷண்ட் விவரம் இருந்தா என்கிரிப்ட் கட்டாயம்.

9/ அந்த மாணவி 'சரி' அழுத்தாம வந்ததால பெரும்பகுதி மீண்டுடுச்சு. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் அமையாது. இன்னைக்கு ராத்திரியே ஒரு காப்பி எடுத்து வைங்க.