பதினெட்டில் ஒரு பங்கு

போன மாதம் பெரியப்பாவுக்கு சதாபிஷேகம். எண்பது தாண்டிய மனுஷருக்கு என்ன பிரசன்ட் பண்ணுவது? வெள்ளிக் குடம், பட்டு வேஷ்டி, சால்வை எல்லாவற்றையும் மற்ற சொந்தக்காரர்கள் முன்கூட்டியே ரிசர்வ் செய்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது ஐடியா மட்டும்தான்.

பெரியப்பா வீட்டு ஹாலில் ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ உண்டு. 1967, மிச்சிகன். எம்.எஸ். படிக்கப் போன பெரியப்பா, ஒல்லியாக, கையில் கர்ச்சீப்போடு ஒரு காரில் சாய்ந்து நிற்கிறார். கார், 1957-ம் வருஷத்து ஷெவர்லே பெல் ஏர். எங்கள் வம்சத்தில் யார் சைக்கிள் வாங்கினாலும், "உங்க பெரியப்பா அந்தக் காலத்துலயே அமெரிக்காவுல கார் வச்சிருந்தான்" என்று ஆரம்பித்துவிடுவாள் பாட்டி, இருந்தவரை.

அந்தக் காரையே குட்டியாக வாங்கிக் கொடுத்தால் என்ன?

பொம்மைக் காரைச் சொல்லவில்லை சார். டை-காஸ்ட் மாடல். துத்தநாகக் கலவையை உருக்கி, எஃகு அச்சில் அழுத்தி வார்த்து, பெயிண்ட் அடித்து, க்ரோம் ஒட்டி... விலையைக் கேட்டால் நமக்கும் உருகும். மூன்று கம்பெனி மாடல்கள் வாங்கினேன். ஒன்று கொடுக்க, இரண்டு ஒப்பிட. (மனைவியிடம் சொன்ன கணக்கு: ஒன்று.)

நான் பி.காம். ஆகவே முதலில் ஸ்கேலை எடுத்தேன். அசல் பெல் ஏரின் நீளம் 200 அங்குலம், அதாவது 5,080 மில்லிமீட்டர். பதினெட்டில் ஒரு பங்கு மாடல் என்றால் 282 மி.மீ. இருக்க வேண்டும். இருபத்து நான்கில் ஒரு பங்குக்கு 212. நாற்பத்து மூன்றில் ஒரு பங்குக்கு 118. பெரியதும் சின்னதும் டாலி ஆயின. நடுவிலான் மட்டும் 203 மி.மீ.தான். வகுத்துப் பார்த்தால் இருபத்தைந்தில் ஒரு பங்கு. பெட்டி மேல் 24, பெட்டிக்குள் 25. விலையில் மட்டும் அந்தக் குறைப்பைக் காணோம்!

நடுவிலான் அவுட். மிச்சம் இரண்டு.

பெரியதில் கதவு திறக்கும், பானெட் திறக்கும், டிக்கி திறக்கும். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் திறக்கிற கதவுக்கு இடைவெளி விட்டாக வேண்டுமே! என் மாடலில் அது முக்கால் மில்லிமீட்டர். பதினெட்டால் பெருக்கினால், அசல் காரில் பதின்மூன்றரை மில்லிமீட்டர். விரலே நுழையும். இப்படி ஒரு கதவோடு கார் வெளியே வந்திருந்தால் டெட்ராய்ட்டில் யாருக்காவது சீட்டுக் கிழிந்திருக்கும்.

சின்னதில் எதுவும் திறக்காது. கதவு என்பது வெறும் கோடு. அதனாலேயே பக்கவாட்டு அழகு கச்சிதம். ஆனால் அதற்கு வேறு வியாதி: பெயிண்ட். காரைச் சின்னதாக்கலாம், பெயிண்டைச் சின்னதாக்க முடியாது. பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசினாலே, அசல் காரில் நான்கு மில்லிமீட்டருக்கு மேல் பூசிய மாதிரி. ஊத்தப்பம்! நுணுக்கமான கோடெல்லாம் அதில் மூழ்கிவிடும்.

அடுத்து, போட்டோவையும் மாடல்களையும் பக்கத்தில் வைத்து லென்ஸோடு உட்கார்ந்தேன். 1957-ல் ஷெவர்லே மூன்று ரகமாக வந்தது. மலிவாக ஒன்-ஃபிப்டி, நடுத்தரமாக டூ-டென், உசத்தியாக பெல் ஏர். பெல் ஏருக்கு அடையாளம், பின்பக்கவாட்டில் க்ரோம் கோடுகளுக்கு நடுவே பதித்த அலுமினியத் தகடு. போட்டோவில் அது பளபளக்கிறது. பானெட்டில் பெரிய ‘வி’ எழுத்து. அப்படியென்றால் வி-எட்டு எஞ்சின். ஆறு சிலிண்டர் வண்டிக்கு அந்த ‘வி’ கிடையாது. கூரை வெளுப்பு. அந்த வருஷத்து ஷெவர்லே வெள்ளைக்கு என்ன பெயர் தெரியுமோ? ‘இந்தியா ஐவரி!’ நம் ஊர்ப் பையன் சாய்ந்து நிற்க இதைவிடப் பொருத்தமாக ஒரு கார் கிடைக்குமா என்று புல்லரித்துப் போனேன்.

இரண்டே கதவு, நடுவில் தூண் இல்லாத ஹார்ட்டாப். மாடலும் அதுவேதான். மாடல் கடைகளில் 57 பெல் ஏர் என்று கேட்டால் இதை நீட்டுவார்கள், இல்லாவிட்டால் கூரை மடக்கும் கன்வர்ட்டிபிளை. ஆனால் அசல் கணக்கைப் பாருங்கள். அந்த வருஷம் கன்வர்ட்டிபிள் விற்றது சுமார் 47,500. பிள்ளைகுட்டிக்காரர்களின் நாலு கதவு பெல் ஏர் செடான் இரண்டரை லட்சத்துக்கும் மேல். அந்த நாலு கதவு வண்டிக்கு நான் தேடியவரை ஒரு நல்ல மாடல் இல்லை. ஜனங்கள் வாங்கிய காரை யாரும் மாடல் செய்வதில்லை. வாங்க ஆசைப்பட்ட காரைத்தான் செய்கிறார்கள்.

இந்த இடத்தில் என் மண்டையில் ஏதாவது மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. பதினெட்டில் ஒரு பங்கை பேக் பண்ணிவிட்டேன்.

*

விசேஷத்தன்று கூட்டம் கலைந்தபின் பெட்டியைப் பிரித்தார் பெரியப்பா. கதவைத் திறக்கவில்லை. பானெட்டைத் தொடவில்லை. காரைத் திருப்பி, இடதுபக்க வால் துடுப்பின் நுனியில் கட்டை விரலை வைத்து அழுத்தினார்.

"இது திறக்கலையேடா."

"என்ன பெரியப்பா?"

"பெட்ரோல் மூடி. இந்த க்ரோமுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருப்பான். முதல் நாள் அது தெரியாம காரை மூணு சுத்து சுத்தினேன். உள்ள உட்கார்ந்திருந்த அம்மா சிரிச்சே மாஞ்சு போனா."

"உங்க கார்ல மூடி எங்கேன்னு உங்களுக்கே தெரியாதா?"

பெரியப்பா போட்டோவைப் பார்த்தார். பெரியம்மா சமையலறைப் பக்கம் பார்த்தாள்.

"எங்கிட்ட ஏதுடா கார்? சனி, ஞாயிறு பெட்ரோல் பங்க்ல வேலை. அது அங்க வர்ற கஸ்டமர் வண்டி. கையில இருக்கே, அது கர்ச்சீப் இல்லை. கண்ணாடி துடைக்கிற துணி."

"எல்லார்கிட்டேயும் உங்க கார்னு..."

"நான் எங்கே சொன்னேன்? ‘காருடன் நான்’னு எழுதித்தான் அனுப்பினேன். உங்க தாத்தா தெருவுக்கெல்லாம் படிச்சுக் காட்டும்போது ‘என்’னு ஒரு வார்த்தை சேர்த்துண்டார்."

"அப்பவே திருத்தியிருக்கலாமே?"

"நிலத்தை அடமானம் வச்சு அனுப்பின மனுஷர். பிள்ளை அமெரிக்காவுல பெட்ரோல் போடறான்னா எழுதச் சொல்றே?"

ஆடிட்டிங்கில் முதல் வருஷமே சொல்லித் தருவார்கள். சொத்து இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வேலை. அது யாருடையது என்று பார்ப்பது தனி வேலை. நான் ஸ்கேலும் லென்ஸும் வைத்து முதல் வேலையை மட்டும் பிரமாதமாகச் செய்திருக்கிறேன். போட்டோவில் அலுமினியத் தகடு வரை அளந்தவன், கையில் இருந்த துணியை கர்ச்சீப் என்றே பாஸ் பண்ணிவிட்டேன்.

"திருப்பிக் கொடுத்துடட்டுமா பெரியப்பா?" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. காரைப் போட்டோவுக்குக் கீழே ஸ்டூலில் வைத்தார். ஒரு நிமிஷம் பார்த்தார். புதுச் சால்வையின் நுனியை எடுத்து முன்கண்ணாடியைத் துடைத்தார். இடமிருந்து வலம், மூலைகூட விடாமல்.