‘எல்லாம் கோப்பே’ என்னும் பாதி உண்மை

‘யூனிக்ஸில் எல்லாமே கோப்பு’ என்ற வாசகத்தைக் கணினியியல் வகுப்பறைகள் வேதவாக்காக ஓதி வருகின்றன. வட்டுக் கோப்பு, பைப், சாக்கெட், டெர்மினல் எதுவாயினும் நிரலின் கைக்கு வருவது ஓர் எண் மட்டுமே. அதுவே ஃபைல் டிஸ்கிரிப்டர். எளிமைதான், அந்த எளிமையின் விலையைப் பாடம் சொல்வதில்லை.

‘வந்தான்’, ‘வந்தது’ என்னும் தமிழ் ஈறுகள் திணையைத் தாமே உணர்த்திவிடும். டிஸ்கிரிப்டருக்கு அத்தகைய ஈறு கிடையாது. தன்னை இயக்கிய நிரலிடமிருந்து 0 என்ற எண்ணைப் பெற்ற நிரல், அது பைப்பா கோப்பா என்று கெர்னலிடம் கேட்டே அறிய வேண்டும். அறியாமல் கையாளவும் இயலாது. ஓ_நான்பிளாக் கொடி பைப்புக்கும் சாக்கெட்டுக்கும் பயன்படும். வட்டுக் கோப்பிடம் செல்லாது. போல் அழைப்பு வட்டுக் கோப்பை எப்போதும் ‘தயார்’ என்றே அறிவிக்கும். ஈபோல் அதனைச் சேர்க்கவே மறுத்து ஈபெர்ம் பிழையைத் தரும். (அந்தப் பிழையைக் கொண்டே வகையை ஊகிப்போர் உண்டு, கோப்புறைக்கும் அதே பிழைதான் வரும்.) எல்லாம் ஓரினம் என்று முழங்கிய அமைப்பே திணை பிரித்து நடத்துகிறது.

கேட்பதற்குக் கற்பிக்கப்படும் வழி எஃப்ஸ்டாட். அது வகையோடு அளவு, திருத்திய நேரம் ஆகியவற்றையும் சேர்த்தே தரும். கோப்பு என்எஃப்எஸ் வழியாக வேறொரு சர்வரில் இருந்தால், அவற்றின் புதிய மதிப்புக்காகக் கெர்னல் அங்கே கேட்டனுப்ப நேரலாம். ‘ஹார்டு’ முறையில் மவுண்ட் செய்திருக்க, சர்வர் பதில் தராவிட்டால் நிரல் அங்கேயே உறைந்து நிற்கும். தடைபடாதிருக்கக் கேட்ட கேள்வியே தடையாகிறது! இத்தனைக்கும் திறந்த கோப்பின் வகை மாறுவதே இல்லை. கெர்னல் அதை நினைவகத்திலேயே வைத்திருக்கிறது. மாறாததையும் மாறுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டியதே பிழை.

எஃப்ஸ்டாட்டைத் தனி இழையில் ஓட்டினால் போதாதா என்பர். அப்போது உறைவது அந்த இழை. நோட்.ஜேஎஸ் பயன்படுத்தும் லிப்யூவியில் இதற்கான இழைகள் இயல்பாக 4 மட்டுமே. நான்கும் உறைந்தால் ஐந்தாவது வேலைக்கு ஆளில்லை.

2017இல் லினக்ஸ் 4.11இல் வந்த ஸ்டாட்எக்ஸ் அந்த மூட்டையைப் பிரித்தது. ஸ்டாட்எக்ஸ்_டைப் என்று வகையை மட்டும் கேட்கலாம். ஏடி_ஸ்டாட்எக்ஸ்_டோன்ட்_சிங்க் கொடியைச் சேர்த்தால், சர்வரை நாடாமல் கையிருப்பில் உள்ளதைக் கொடு என்று பொருள். அது கட்டளை அன்று, கோப்பமைப்பு இயன்றவரை மதிக்கும் வேண்டுகோள். ஆயினும் என்எஃப்எஸ் அதை மதிக்கிறது. ஒரு வகுப்பு நேரம்கூட வேண்டாத இதனை விட்டுவிட்டு, எஃப்ஸ்டாட்டையே முழு விடையாக எழுதச் சொல்லும் பாடத்திட்டம் எதைக் கற்பிக்கிறது?