கூரையில்லாப் பெட்டியும் புதிய ஐபேடும்

ஆப்பிள் நிறுவனம் 2022 அக்டோபர் 18 அன்று அறிவித்த பத்தாம் தலைமுறை ஐபேடைப் பற்றிய விமர்சனங்களில் பல, ஒரு பென்சிலைச் சுற்றியே வருகின்றன. இந்த டேப்லெட்டின் மின்னேற்றத் துளை யுஎஸ்பி-சி வகைக்கு மாறிவிட்டது. அது வந்தபோது அதில் எழுதுவதற்கான ஆப்பிள் பென்சிலோ 2015-இல் வந்த பழையதாக இருந்தது. அதன் முனை லைட்னிங் வகை. இரண்டையும் இணைக்கத் தனியாக ஓர் அடாப்டர் வேண்டும்.

பக்கவாட்டில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டு மின்னேறும் இரண்டாம் தலைமுறைப் பென்சிலை ஏன் தரவில்லை? இதற்கு ஒரு நியாயம் இருக்கக்கூடும். முன்பக்கக் கேமரா இம்முறை நீளமான விளிம்புக்கு நகர்ந்துள்ளது. இணையவழி வகுப்பில் பார்வை வேறெங்கோ இருப்பதுபோல் தெரிந்த குறை அதனால் நீங்குகிறது. விலை கூடிய ஐபேட் ஏரில் பென்சில் ஒட்டிக்கொள்வதும் அதே நீள விளிம்பில்தான். ஒன்றைப் பெற மற்றொன்றை இழப்பதைப் பொருளியலார் வாய்ப்புச் செலவு என்பர். அதில் குற்றம் காண்பதற்கில்லை.

சேமிப்பிடத்துக்கு இந்தச் சமாதானம் பொருந்தாது. தொடக்க நிலையில் 64 ஜிபி, அடுத்தது நேராக 256 ஜிபி. இடையில் 128 இல்லை; மெமரி கார்டு செருகவும் வழியில்லை. 2022-இல் அமெரிக்காவில் முதலாவதன் விலை 449 டாலராகவும் இரண்டாவதன் விலை 599 டாலராகவும் இருந்தன. அதே 599 டாலருக்கு அப்போது 64 ஜிபி கொண்ட ஐபேட் ஏர் கிடைத்தது. வாங்க வந்தவர் ஒவ்வொரு படியிலும் அடுத்த படியை அண்ணாந்து பார்க்கும்படி இந்த ஏணி அமைக்கப்பட்டிருந்தது.

இது புதிய உத்தியன்று. ரயிலின் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கூரை இல்லாததன் காரணத்தைப் பிரெஞ்சுப் பொறியாளர் ழூல் டுபுயி 1849-இலேயே விளக்கினார். கூரை வேயும் செலவு அற்பம். ஆனால் வேய்ந்துவிட்டால், இரண்டாம் வகுப்புக் கட்டணம் தரக்கூடியவரும் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடுவார். அவரைத் தடுக்கத்தான் ஏழை மழையில் நனைந்தார். 1990-இல் ஐபிஎம் நிறுவனம் தன் லேசர் பிரிண்டரின் வேகத்தை நிமிடத்துக்குப் பத்துப் பக்கத்திலிருந்து ஐந்தாக வேண்டுமென்றே குறைத்து, மலிவுப் பதிப்பாக விற்றது.

இத்தகைய குறைப்பு எல்லா வேளையிலும் தீங்கானதன்று என்று டெனெகெரே, மக்காஃபி ஆகிய பொருளியலறிஞர்கள் 1996-இல் காட்டினர். இல்லாவிட்டால் வாங்கவே இயலாதவர், குறையுடைய பொருளையாவது குறைந்த விலையில் பெறுகிறார்; மற்றவர்களுக்கும் நட்டமில்லாமல் போகலாம். நானும் வகுப்பறையில் இதை ஆதரித்துப் பேசியவன்தான். ஆனால் அந்த வாதம், கீழே ஒரு மலிவுப் படி புதிதாகச் சேரும்போது மட்டுமே செல்லும். இங்கே குறைகளோடு விலையும் ஏறியிருக்கிறது. முந்தைய ஒன்பதாம் தலைமுறை 329 டாலருக்கு வந்தது. புதியது 120 டாலர் கூடுதலாக வந்தது. இந்தியாவில் 30,900 ரூபாய்க்கு வந்தது பழையது. புதியதன் தொடக்க விலை 2022-இல் 44,900 ரூபாயாக இருந்தது. ஒரே ஒரு முறை பணம் திரட்டிப் பிள்ளைக்குக் கருவி வாங்கும் குடும்பத்துக்கு 64 ஜிபியை மூன்றாண்டு கழித்துப் பெரிதாக்கிக்கொள்ளும் வாய்ப்பும் கிடையாது.

கல்லூரியில் சேரவிருக்கும் பேத்திக்கு எதை வாங்கலாம் என்று மகன் கேட்டான். அப்போதும் விற்பனையில் இருந்த ஒன்பதாம் தலைமுறையைச் சொன்னேன். அதிலும் தொடக்கம் 64 ஜிபிதான். ஆனால் புதியதில் நீக்கப்பட்ட ஹெட்போன் துளை அதில் இருக்கிறது. பழைய பென்சிலையும் அடாப்டர் இல்லாமலே அதில் செருகலாம்.